கண் காணா ஒளியில் உணவு சமைக்கும் பாசி

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

அறிவியல் பற்றிச் சில சொல்லுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். விண்கலத்தைப் பற்றியும் கணிப்பொறியைப் பற்றியும் பேச வல்லார் பலர் உளர். நான் நம் காலடியில் கிடக்கும் பாசியைப் பற்றிப் பேச விழைகின்றேன்.

வளவனூர் வட்டாரத்து நெல் வயல்களில், நடவு முடிந்த சில நாள்களில், தேங்கிய நீரில் நீலங்கலந்த பச்சை நிறத்தில் பாசி படர்வதைக் களையெடுக்கும் நம் தாய்மார்கள் நன்கறிவார்கள். அதுவே நீலப்பச்சைப் பாசி. பாசி என்று நாம் அழைத்தாலும் அது பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. சயனோபாக்டீரியா என்பது அதன் அறிவியற் பெயர். நெல் வயலுக்குக் காற்றிலிருந்து நைட்ரஜனைச் சேர்த்துத் தருவதில் இதற்குள்ள பங்கினை 1939ஆம் ஆண்டிலேயே இந்திய அறிஞர் பி. கே. டே எடுத்துக்காட்டினார். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உலகின் காற்றில் ஆக்சிஜன் நிறையத் தொடங்கியதும் இவ்வினத்தின் உழைப்பினாலேயே.

இப்பாசியும் மரஞ்செடிகளைப் போலவே பச்சையம் கொண்டு கதிரவன் ஒளியில் உணவு சமைக்கின்றது. ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டரில் அளப்பார்கள். 400 முதல் 700 வரை நாம் காணும் வண்ணங்கள். அதன் கடைசியில் உள்ளது சிவப்பு. அதற்கு அப்பாலுள்ள தொலைச் சிவப்பு நம் கண்ணுக்குப் பெரும்பாலும் புலனாவதில்லை. ஆக்சிஜனை வெளியிடும் ஒளிச்சேர்க்கைக்கு 700ஐ ஒட்டிய சிவப்பே எல்லை என்று பாடநூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. மாமரத்து நிழலில் நின்று பாருங்கள். மேலுள்ள இலைகள் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக் கொள்கின்றன. தொலைச் சிவப்போ இலைகளை ஊடுருவிக் கீழே வந்து சேர்கின்றது. அந்த ஒளியால் உணவு சமைக்க இயலாது என்பதே அன்றைய முடிபு.

இனி ஒரு வரலாற்றைக் கேளுங்கள். 1943ஆம் ஆண்டில் மானிங், ஸ்டிரெயின் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் கடலில் வளரும் சிவப்புப் பாசியிலிருந்து புதுவகைப் பச்சையம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அதற்குப் ‘பச்சையம் டி’ எனப் பெயரிட்டனர். அது 700க்கு அப்பாலும் ஒளியை ஏற்றது. ஆயினும் எல்லாச் சிவப்புப் பாசியிலும் அது கிடைக்கவில்லை. ஆகவே பலர் அதனை ஐயுற்றனர். ஐம்பதாண்டுகளுக்குப் பின்னர், 1996இல், மியாஷிட்டா முதலான ஜப்பானிய அறிஞர்கள், பலாவுத் தீவின் கடலில் ஒட்டி வாழும் சிறு விலங்கொன்றிடமிருந்து அகாரியோகுளோரிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசியைக் கண்டெடுத்தனர். அதன் பச்சையம் பெரும்பாலும் ‘டி’ வகையே! 2004இல் முழு உண்மையும் வெளியாயிற்று. ஜப்பான் கடற்கரையில் சிவப்புப் பாசியின் மேல் ஒட்டி வாழும் இச்சிற்றுயிரே அப்பச்சையத்தைச் செய்தது எனக் கண்டார்கள். உழைத்தது சிறியது, பெயர் பெற்றது அதனைத் தாங்கிய பெரியது.

இதில் எவருடைய வஞ்சகமும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் கணக்கில் கொண்டதால் நேர்ந்த பிழை. ஏரியை வெட்டியவர் யார், கரையைக் காத்தவர் யார் என்று கேளாமலே எழுதப்பட்ட ஊர் வரலாறுகளை அறிந்த நமக்கு இதனை விளங்கிக்கொள்ளுதல் அரிதன்று.

2010இல் ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மின் சென் என்னும் பெண் அறிஞரும் அவர்தம் குழுவினரும், மேற்குக் கரையிலுள்ள ஷார்க் விரிகுடாவில், பாசிகள் அடுக்கடுக்காகக் கட்டிய பாறைகளிலிருந்து ‘பச்சையம் எஃப்’ என்பதைக் கண்டனர். மேலடுக்கு நல்லொளியை எடுத்துக்கொள்ள, அடியடுக்கில் இருப்பவை எஞ்சிய தொலைச் சிவப்பைக் கொண்டு வாழ்கின்றன. 2014இல் மேலும் ஒன்று தெளிவாயிற்று. இத்தகைய பாசிகளுள் சில, நிழல் விழுந்ததை உணர்ந்ததும் ஏறத்தாழ 20 மரபணுக்களை இயக்கித் தம் ஒளி வாங்கும் கருவியையே புதுக்கி அமைக்கின்றன. நல்லொளி மீண்டதும் பழைய அமைப்பிற்குத் திரும்புகின்றன.

இவ்வாற்றல் நம் நாட்டு மண்ணிலும் உண்டு. அலகாபாத் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டு, 1950இல் மித்ரா என்னும் அறிஞரால் விவரிக்கப்பட்டது குளோரோகுளோயாப்சிஸ் என இன்று வழங்கும் பாசி. அதனைத் தொலைச் சிவப்பு ஒளியில் வளர்த்தபோது ‘டி’, ‘எஃப்’ ஆகிய இரு பச்சையங்களையும் செய்தது என 2014இல் அறிவிக்கப்பட்டது. அறுபதாண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் அறிந்திருந்த பாசி. அந்த ஒளியில் வைத்து யாரும் சோதித்திராததால் திறமை வெளிப்படவில்லை.

இளைஞர்களே! கிடைத்த மிச்சத்தில் மனநிறைவு கொள்க என்பதே இதன் பாடம் என எவரேனும் கூறின் ஏற்காதீர்கள். நிழல் தன்மேல் ஏன் விழுந்தது எனப் பாசி கேட்க இயலாது. மனிதன் கேட்கலாம், கேட்க வேண்டும். நான் கூற விரும்புவது ஒன்றே. ‘இதற்குமேல் இவனுக்கு வராது’ என்று உங்கள் பிள்ளையைப் பற்றி யாரேனும் வரம்பு கட்டினால், எந்த ஒளியில் வைத்துச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள்.

நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றிய பெருநூலை 1959இல் எழுதிய தேசிகாச்சாரி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். கடல்வாழ் நீலப்பச்சைப் பாசிகளுக்கான தேசிய மையம் 1991இல் திருச்சிராப்பள்ளியில், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்றது. மரக்காணத்து உப்பளங்களும் கழுவெளியும் நம் மாவட்டத்திலேயே உள்ளன. அங்குள்ள பாசிப் படலத்தின் அடியடுக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் மாணவியோ மாணவனோ இந்த அவையிலிருந்து எழ வேண்டும். அதற்கான நூல்களையும் உதவித்தொகையையும் தேடித் தருவது சங்கத்தின் அடுத்த இருபத்தைந்தாண்டுப் பணிகளுள் ஒன்றாகட்டும்.