சரிவும் தொழுவமும்



பழனிமலையின் கீழ்ச்சரிவில், கோடைக்கானல் வட்டத்தில் அமைந்த ஊர் பண்ணைக்காடு. காப்பியும் மலைவாழையும் அங்கு விளைகின்றன. சமநிலம் அரிதான அவ்வூரில் மாடு வளர்ப்போரை வருத்தும் வேலைகள் யாவை? மேட்டில் தண்ணீர் சுமப்பதும் சாணம் சுமப்பதுமே.

ஒரு கணக்குப் போடுவோம். கறவையிலுள்ள கலப்பினப் பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 லிட்டர் நீர் வேண்டும். 15 லிட்டர் குடத்தால் அளந்தால் 4 குடம். இரு பசுக்களுக்கு 8 குடம். ஓராண்டுக்கு 2,920 குடம்! இவற்றைச் சுமப்போர் பெரும்பாலும் தாய்மாரும், பள்ளிக்குப் புறப்பட வேண்டிய பெண்மக்களுமே. முதல் மணி அடித்தபின் நனைந்த தோளுடன் வகுப்பினுள் நுழையும் சிறுமியரை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர்.

சுமையைக் கூட்டும் அச்சரிவையே நாம் வேலை வாங்கலாம். மேட்டு ஊற்றின் நீரைக் குழாய் வழியே தொழுவத்திற்குச் சற்று உயரத்திலுள்ள பீப்பாய்க்குக் கொணர்க. அங்கிருந்து ஒரு சிறு பெட்டிக்கு நீர் வரட்டும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் உள்ளதுபோன்ற மிதவையை அப்பெட்டியில் பொருத்துக. பெட்டியையும் மாடு குடிக்கும் தொட்டியையும் அடியில் குழாயால் இணைத்தால், இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றாகவே நிற்கும். இது நீங்கள் பௌதிகத்தில் பயின்ற விதியன்றோ? பசு குடித்தால் மட்டம் தாழும், மிதவை இறங்கும், நீர் வரும், நிறைந்ததும் தானே நிற்கும். மாட்டின் வாய் படாதவாறு பெட்டியை மூடிவைத்தல் வேண்டும்.

அடுத்தது தரை. 40 அடி நீளத்திற்கு 1 அடி என்னும் அளவில் பின்புறம் சரிந்த கற்றளமும், அதன் முடிவில் ஒரு வடிகாலும் அமைக்க. கற்கள் வழுக்காமலிருக்கச் சொரசொரப்பாக இருத்தல் நலம். தொழுவத்திற்குக் கீழே எருக்குழி இருந்தால், சாணத்தைக் கூடையில் சுமக்க வேண்டுவதில்லை. கட்டையால் தள்ளினாலே போதும். மாட்டின் கழிவிலுள்ள சாம்பல்சத்தில் பெரும்பகுதி சிறுநீரிலேயே உள்ளது. வாழை மிகுதியாக வேண்டுவதும் அச்சத்தையே. குழியில் பரப்பிய சருகு அதனை உறிஞ்சிக் காக்கும். ஆனால், குடிநீர் ஊற்றுக்கு மேற்புறம் எருக்குழி ஒருபோதும் கூடாது.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. மேடு பள்ளம் அறிந்தாற் போதும். நீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற குழாயின் இரு முனைகளையும் உயர்த்திப் பிடித்துக் கொத்தனார் மட்டம் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். வரும் விடுமுறையில் உங்கள் வீட்டுத் தொழுவத்தை அவ்வாறே அளந்து பாருங்கள். உங்கள் தமக்கையோ தங்கையோ நாளை எத்தனை குடம் குறைவாகச் சுமக்கலாம் என்பதையும் கணக்கிட்டு எழுதுங்கள்.