நாயனத்தின் வழியே வந்த சாக்ஸபோன்



இலங்கையில், தெரணியகலைப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் சாக்ஸபோன் வாசிக்கிறேன். என் அப்பா பகலில் பால் வெட்டினார், சாயங்காலம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நாயனம், அதாவது நாதஸ்வரம், வாசித்தார்.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போயிருந்தேன். பெண்ணை மேடைக்கு அழைத்து வருகிற நேரம், கீபோர்ட் வாசித்த தம்பி ஒரு பட்டனை அழுத்தினார். 'டூயட்' படத்துச் சாக்ஸபோன் இசை அதில் வந்தது. சுரங்கள் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. படி இருந்தது, ஏறுகிற கால் இல்லை. கழுத்தில் சாக்ஸபோனை மாட்டிக்கொண்டு நான் பக்கத்திலேயே நிற்கிறேன். ஒருவர் வந்து, "அண்ணே, நீங்களும் அதே மாதிரி வாசிங்க" என்றார். அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவு எடுத்தேன். அந்த இசையை முதலில் வாசித்த மனிதரைப் பற்றி ஒரு நாள் வானொலியில் பேச வேண்டும். அவர் கத்ரி கோபால்நாத்.

அவர் பேரும் அந்த மெட்டும் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கோபால்நாத் நாயனத்தின் வழியே சாக்ஸபோனுக்கு வந்தவர். நாயனத்தின் வழியே வந்தார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சு முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

1994ஆம் ஆண்டு 'டூயட்' படம் வந்தது. அப்போது எனக்கு 17 வயது. அவிசாவளையிலிருந்து வந்த பஸ்ஸில் அந்தப் படத்தின் பாட்டுக் கேசட் ஓடியது. அப்பாவும் நானும் பின் சீட்டில் இருந்தோம், வெளியே நல்ல மழை. சாக்ஸபோன் தனியாக வாசிக்கிற இடம் வந்ததும் அப்பா என் கையைப் பிடித்தார். "இது என்னாடா வாத்தியம்?" என்று கேட்டார். எனக்கும் பேர் தெரியாது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என்னா வாத்தியமோ தெரியல. ஆனா ஊதுறவன் நாயனக்காரன் வீட்டுப் புள்ளடா."

அப்பா அதுவரை சாக்ஸபோனைக் கண்ணால் பார்த்ததில்லை. கோபால்நாத்தின் பேரைக்கூடக் கேட்டதில்லை. பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தபோதுதான், கோபால்நாத்தின் தகப்பனார் தனியப்பா நாதஸ்வர வித்துவான் என்று எனக்குத் தெரிந்தது. அப்பா காதால் கண்டுபிடித்ததை நான் எழுத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கோபால்நாத் 1949இல் கர்நாடகத்தில், மங்களூருக்குப் பக்கத்தில் பிறந்தார். தகப்பனாரிடம் நாதஸ்வரம் படித்தார். சின்ன வயதில் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோன் வாசிப்பதைக் கேட்டு, அந்தக் குரலில் மயங்கிப்போனார். மங்களூர் கலாநிகேதனத்தில் கோபாலகிருஷ்ண ஐயரிடம் பாடம். பிறகு சென்னைக்கு வந்து டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் சேர்ந்தார். இந்தக் குரு வாய்ப்பாட்டுக்காரர், மிருதங்க வித்துவானும் கூட. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். சாக்ஸபோனைப் படிக்க அவர் சாக்ஸபோன்காரரைத் தேடிப் போகவில்லை, பாடுகிறவரைத் தேடிப் போனார். கருவி அவர் வசப்பட ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடித்தன. இன்று ஆறு மாத வகுப்பு முடிந்ததும் மேடை கேட்கிற பிள்ளைகளுக்கு இந்த 20 என்ற எண்ணை நான் மறக்காமல் சொல்வேன்.

ஏன் அத்தனை வருஷம்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நாதஸ்வரத்தில் விரலால் வாசிக்கிற துளைகள் ஏழு. விரலின் சதை நேரே துளையில் படுகிறது. விரலைக் கொஞ்சம் உருட்டினால் துளை கொஞ்சம் திறக்கும், சுரம் கொஞ்சம் ஏறும். ஊதுகிற சீவாளியைக் கவ்வுகிற உதடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சுரத்தை அசைக்கிற கமகம் அந்தக் குழாயோடு பிறந்தது. சாக்ஸபோன் அப்படியில்லை. பெல்ஜியத்துக்காரர் அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை வாங்கிய கருவி அது. ராணுவ பேண்டில் நூறு பேரோடு சேர்ந்து ஊதினாலும் சுரம் அசையாமல் நிற்கிற மாதிரி அமைந்தது. விரலுக்கும் துளைக்கும் நடுவே சாவி, கம்பி, வில், தோல் பேட் என்று எத்தனையோ இருக்கின்றன. சாவி துளையைத் திறக்கும், இல்லையென்றால் மூடும். நடுவில் நிற்க அது இலேசில் சம்மதிக்காது.

நம்முடைய ராகமோ நடுவில்தான் வாழ்கிறது. தோடியில் காந்தாரத்தை அசைக்காமல் நேராகப் பிடித்துப் பாருங்கள், தோடி அங்கேயே செத்துப்போகும். அந்தக் காந்தாரம் கீழே தொட்டு, மேலே தொட்டு, ஊஞ்சல் ஆடினால்தான் தோடி. சாவி தராத அந்த ஊஞ்சலைச் சாக்ஸபோனில் உதடும் தாடையும் தொண்டையும்தான் தரவேண்டும். கீழுதடு ரீட்டை எவ்வளவு அழுத்துகிறது, வாய்க்குள்ளே காற்றுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது, மூச்சு எந்த வேகத்தில் போகிறது என்பதையெல்லாம் ஒரு மயிரிழை மாற்றினால் சுரம் வளையும். கூட மாற்றினால் அபசுரம். கோபால்நாத் கருவியிலும் சில மாற்றங்கள் செய்துகொண்டார் என்பது உண்மை. ஆனால் அந்த மாற்றம் செய்த கருவியை என் கையில் கொடுத்தாலும் எனக்கு அவருடைய தோடி வராது. அது அவருடைய வாயில் இருந்தது. அந்த வாய் நாயனத்தில் பழகிய வாய். நாயனத்தின் வழியே வந்தார் என்று நான் சொல்வது இதைத்தான்.

'டூயட்' படத்துக்கு வருவோம். கே. பாலசந்தர் படம், ஏ. ஆர். ரஹ்மான் இசை, திரையில் சாக்ஸபோன் வாசிப்பவர் பிரபு. ஒலிப்பதிவில் கோபால்நாத் ராகம் மாற்றி ராகம் வாசித்துக் காட்டி, கடைசியில் கல்யாணவசந்தம் வாசித்தபோதுதான் ரஹ்மான் திருப்திப்பட்டார் என்பது கோபால்நாத்தே சொன்ன கதை. அந்த ராகம் ஏறும்போது ரிஷபத்தையும் பஞ்சமத்தையும் விட்டுத் தாவி ஏறும். இறங்கும்போது ஒன்றுகூட விடாமல் படிப்படியாக இறங்கும். அந்தத் தாவலில் ஓர் ஏக்கம், அந்த இறக்கத்தில் ஓர் அழுகை. நேயர்களே, அடுத்த முறை கேட்கும்போது இறங்குகிற இடத்தை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு சுரமும் அடுத்த சுரத்தின் தோளைத் தொட்டுவிட்டுத்தான் விலகும். கீபோர்டில் தொலைந்தது அந்தத் தொடுகைதான்.

இனி ஜாஸ். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் கோபால்நாத் வாசித்தார். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி அதைக் கேட்டுவிட்டு, நானும் உங்களோடு மேடையில் சேரலாமா என்று கேட்டார். ஹேண்டி சாதாரண ஆள் இல்லை. சார்லஸ் மிங்கஸின் குழுவில் வாசித்தவர், அலி அக்பர் கானோடு சேர்ந்து இசைத்தட்டு வெளியிட்டவர். அப்படிப்பட்டவர் தேடி வந்து கேட்டார். கோபால்நாத் தன் ராகத்தில் நின்றார், ஹேண்டி தன் ஜாஸில் நின்றார், சபை கொண்டாடியது. அதற்குப் பிறகு பிராக், பெர்லின் ஜாஸ் விழாக்களும் அவரைக் கூப்பிட்டன. 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பிபிசி நடத்துகிற பிராமனேட் கச்சேரிக்கு அழைக்கப்பட்டார். கர்நாடக இசைக் கலைஞர் ஒருவருக்கு அந்த அழைப்பு வந்தது அதுவே முதல் முறை. புல்லாங்குழல் கலைஞர் ஜேம்ஸ் நியூட்டனோடு ஓர் இசைத்தட்டும் செய்தார். எங்கே போனாலும் பட்டுச் சட்டை, நெற்றியில் பொட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்த வாசிப்பு. ஜாஸ் மேடைக்காக அவர் எழுந்து நின்று ஆடவில்லை.

ருத்ரேஷ் மகந்தப்பா கதையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வளர்ந்த இந்தியக் குடும்பத்துப் பிள்ளை, ஜாஸ் சாக்ஸபோன்காரர். அவர் மாணவராக இருந்தபோது, அண்ணன் வேடிக்கைக்காகக் கோபால்நாத்தின் இசைத்தட்டு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். வேடிக்கைக்கு வந்த தட்டு அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. பிற்காலத்தில் அவர் கோபால்நாத்தையே தேடிப் போய், இருவரும் சேர்ந்து 2008இல் 'கின்ஸ்மென்' என்ற இசைத்தட்டைக் கொண்டுவந்தார்கள். வயலின் கலைஞர் கன்னியாகுமரி அம்மையாரின் வாசிப்பும் அதில் உண்டு. இரண்டு ஆல்டோ சாக்ஸபோன்கள், ஒரே மாதிரியான பித்தளை, இரண்டு வேறு ஊர்க் குரல். எது யாருடையது என்று ஒரு நொடியில் சொல்லிவிடலாம்.

என் மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்கிறேன். ஜாஸ் கூட்டணிகள் எல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். கன்னியாகுமரி அம்மையார் பக்கத்தில் இருக்க, தவிலோ மிருதங்கமோ காத்திருக்க, ஒரு ராகத்தை எடுத்து அவசரமில்லாமல் விரிக்கிற கோபால்நாத்தான் என் கோபால்நாத். ஹேண்டியும் ருத்ரேஷும் அவரைத் தேடி வந்ததும் அதற்காகத்தான். அவர்களிடம் ஏற்கெனவே இருந்த ஜாஸைத் திருப்பிக் கொடுத்திருந்தால் யார் தேடி வந்திருப்பார்கள்?

2004இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2019 அக்டோபர் 11ஆம் திகதி மங்களூரில் காலமானார். அந்தச் செய்தி வந்த அன்று இங்கே அடைமழை. தெரணியகலை மழையில் சாக்ஸபோனின் தோல் பேட்டெல்லாம் ஊறிப்போகும், காற்று கசியும், கீழ்ச் சட்ஜம் சரியாகப் பேசாது. பேசாத அந்தக் கருவியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் நாயனத்தை எடுத்துத் துடைத்தேன். அப்பா போய் அப்போது ஆறு வருஷம். புதுச் சீவாளி வைத்து ஊதிப் பார்த்தேன். என் சாக்ஸபோனில் எது குறைகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு தினமும் விடியற்காலை அரை மணி நேரம் நாயனம் வாசித்துவிட்டுத்தான் சாக்ஸபோனைத் தொடுகிறேன்.

எங்கள் பக்கத்துத் தோட்டக் கோயில்களில் இப்போது நாயனச் சத்தம் குறைந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டு முடித்துவிடுகிறார்கள். கோயில் கமிட்டி ஐயாமாருக்கு என் வேண்டுகோள் இதுதான்: வருஷத்தில் ஒரு திருவிழாவுக்காவது ஆளைக் கூப்பிட்டு வாசிக்க வையுங்கள். தோட்ட லயத்துப் பிள்ளைகளை அவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிள்ளைகள் சாக்ஸபோன் படிக்கட்டும், ஜாஸ் வாசிக்கட்டும், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் முதலில் வாய்விட்டுச் சுர வரிசை பாடட்டும், நாயனம் கேட்கட்டும். வாசிக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் தெரணியகலைக்குச் சொல்லி அனுப்புங்கள். அப்பாவின் நாயனத்தை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன்.