பரீட்சையும் ரமளானும் சேர்ந்து வருகிறது

(2025 பிப்ரவரியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)





மார்ச் 3ஆம் தேதி பிளஸ் டூ தேர்வு தொடங்குகிறது. அதற்கு ஓரிரு நாள் முன்னால், பிறையைப் பொறுத்து, ரமளானும் பிறந்துவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 28ஆம் தேதி தமிழ்ப் பரீட்சை, நோன்பின் கடைசிப் பகுதியில். பெருநாள் வாசனை போவதற்குள் ஏப்ரல் 2 ஆங்கிலம். ஆகவே இந்த வருடம் பசி, தூக்கம், பயம் மூன்றும் சேர்ந்து நம் வீட்டுக்கு வருகின்றன. பசியையும் தூக்கத்தையும் சமாளிக்க நமக்குத் தெரியும். பயத்தைப் பற்றித்தான் நாம் பேசுவதில்லை.

பிள்ளை எதற்குப் பயப்படுகிறது? கேள்வித்தாளுக்கு என்று நினைக்கிறோம். சென்ற வருடம் ஒரு தாயார் அலுவலகத்துக்கு வந்து சொன்னார். பையன் பத்தாவதில் 500க்கு 411. நல்ல மார்க். ஆனால் ரிசல்ட் வந்த அன்று மாலை போனை அணைத்துவிட்டு மாடியில் போய்ப் படுத்துக்கொண்டான். தம்மாமிலிருந்து அத்தா கூப்பிடுவார், மாமா மகன் வாங்கிய 460ஐச் சொல்லிக் கேட்பார் என்ற பயம். பரீட்சை முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, பயம் மட்டும் முடியவில்லை.

சபராளிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வெயிலில் நின்று சம்பாதிப்பவருக்கு, பிள்ளை அந்த வெயிலுக்கு வரக் கூடாது என்ற ஆசை. ஆனால் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்தான் பேசக் கிடைக்கிறது. அந்தப் பத்து நிமிடமும் "எத்தனை பாடம் முடித்தாய்?" என்று போய்விட்டால், அத்தா என்றாலே மார்க் என்று பிள்ளையின் மனதில் பதிந்துவிடும். தாய்மார்கள் இன்றிரவே போனில் சொல்லிவிடுங்கள்: பரீட்சை முடியும்வரை மார்க் பேச்சு வேண்டாம். என்ன சாப்பிட்டாய், யாரோடு விளையாடினாய் என்று கேட்கட்டும். "எது வந்தாலும் நீ என் பிள்ளைதான்" என்று ஒரு முறை அவர் வாயால் சொல்லட்டும். ரிசல்டுக்குப் பிறகு சொன்னால் அது ஆறுதல்தான். இப்போதே சொன்னால் பிள்ளைக்குத் தெம்பு.

பயப்படுவது ஈமான் குறைவு என்று சிலர் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். அது சரியல்ல. ஃபிர்அவ்னிடம் போகச் சொல்லி உத்தரவு வந்தபோது மூஸா நபி அலைஹிஸ்ஸலாம் என்ன கேட்டார்கள்? நெஞ்சை விரிவாக்கு, நாவின் முடிச்சை அவிழ் என்று துஆ கேட்டார்கள். அதோடு நிறுத்தவில்லை. என் சகோதரர் ஹாரூனைத் துணைக்குத் தா என்றும் கேட்டார்கள், அல்லாஹ் கொடுத்தான். நாம் அந்த துஆவைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்து கொடுக்கிறோம், துணைக்கு ஆள் தருவதை மறந்துவிடுகிறோம். பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். பாடம் தெரியாத தாய்க்கும் இது முடியும்.

நோன்பு விஷயம். பருவமடையாத பிள்ளைக்குக் கடமையில்லை. மற்றப் பிள்ளைகள் விஷயத்தில், குறிப்பாக உடல்நலம் சரியில்லாதவர்கள், இமாம் சாஹிபிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் தூக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரமளான் வந்தால் நம் ஊரில் இரவு பகலாகிவிடும். சஹர் வரை விழித்திருந்து, சுபுஹு தொழுதுவிட்டுப் படுத்தால் ஒன்பது மணிக்குத்தான் எழுந்திருக்கிறோம். பிள்ளையோ பத்து மணிக்கு ஹாலில் இருக்க வேண்டும். 10.15க்கு எழுத ஆரம்பித்தால் 1.15 வரை. தராவீஹ் சுன்னத். பரீட்சைக்கு முந்திய இரவு வீட்டிலேயே தொழுதுவிட்டுப் பிள்ளை நேரத்தோடு படுக்கட்டும். வீட்டில் மற்றவர்களும் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இஃப்தாருக்கு விருந்தாளிகளை அழைப்பதைப் பெருநாளுக்குப் பிறகு வைத்துக்கொண்டால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

இனி, சிலருக்கு வருத்தம் தரும் ஒரு செய்தி. இந்த வருடம் முதலிடம், இரண்டாமிடம் என்று படம் போட்டு பிளெக்ஸ் வைக்கப் போவதில்லை என்று டிரஸ்ட் முடிவு செய்திருக்கிறது. மாநில ரேங்க், மாவட்ட ரேங்க் அறிவிப்பதை அரசாங்கமே 2017இல் நிறுத்திவிட்டது. நாம் மட்டும் பஸ் ஸ்டாப்பில் தொடர்ந்துகொண்டிருந்தோம். மூன்று பிள்ளைகளின் படத்தைப் பார்த்துக்கொண்டு மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஒரு மாதம் அந்த வழியாக நடக்க வேண்டியிருக்கிறது. உதவித்தொகை வழக்கம்போல் உண்டு.

கலாம் சாஹிப் நம் பக்கத்து ராமேஸ்வரத்துக்காரர். அவரைப் பற்றிச் சொல்லும்போது ஜனாதிபதியான கதையை மட்டுமே சொல்கிறோம். விமானப்படைக்குப் போக ஆசைப்பட்டு டேராடூனில் தேர்வுக்குப் போனார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். இருந்த இடம் எட்டு. அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

தேறாமல் போனால் ஒரு வருடம் வீணாகாது. கோடையிலேயே துணைத் தேர்வு வந்துவிடும். அதில் தேறியவர் அதே வருடம் மேல்வகுப்புக்குப் போகலாம். கட்டணத்தை டிரஸ்ட் கட்டும், விண்ணப்பத்தையும் நாங்களே போட்டுத் தருகிறோம். அஸருக்குப் பிறகு மஃரிப் வரை அலுவலகம் திறந்திருக்கும்.

கடைசியாக, சொல்லத் தயங்கும் விஷயம். 2022இல் மட்டும் நம் நாட்டில் 13,000க்கும் அதிகமான மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குத் தந்திருக்கிறது. எல்லாம் பரீட்சையால் அல்ல. படிக்காத பிள்ளைகள் என்றும் நினைக்காதீர்கள். 2017இல் நாம் இழந்த அரியலூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தவர். உங்கள் பிள்ளை சாப்பாட்டை வெறுத்தால், தூங்காமல் இருந்தால், "நான் இல்லாமல் போனால் உங்களுக்கு நிம்மதி" என்பதுபோல் ஒரு வார்த்தை விட்டால், "ஹராம், அப்படிப் பேசாதே" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். அது ஹராம் என்று பிள்ளைக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, "அப்படித் தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். முழுவதையும் சொல்ல விடுங்கள். அன்றிரவு தனியாகப் படுக்க விடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் மனநல ஆலோசகர் தமிழில் பேசுவார், காசு கிடையாது. 104லும் பேசலாம். இரவு எந்நேரமானாலும் எங்கள் வீட்டுக் கதவையும் தட்டலாம். பேசியது வெளியே போகாது.

இரண்டு எண்களையும் எழுதிய சீட்டு வாசலில் இருக்கிறது. வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போங்கள்.

வஸ்ஸலாம்.