அடைகாத்தல்



கோழி முட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் அசைவில்லை, ஒலியில்லை. ஆயினும், சேவலோடு கூடி வாழும் பெட்டைக்கோழி இட்டதாயின், அதனுள் பெரும்பாலும் ஓர் உயிர் உறங்கிக் கொண்டிருக்கும். தக்க வெப்பம் கிடைப்பின் 21 நாட்களில் அது குஞ்சாகி வெளிவரும். அந்த நாட்களில் நாம் செய்ய வேண்டுவன எவை, செய்யாது விட வேண்டுவன எவை என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

உயிரின் தோற்றத்தை அறிய விரும்பிய மனிதனுக்குக் கோழி முட்டை மிகப் பழைய பாடநூலாகும். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே அடைமுட்டைகளை ஆராய்ந்து, மூன்றாம் நாளில் இதயம் ஒரு குருதிப் புள்ளி போலத் துடிப்பதைக் குறித்து வைத்தார். அதே பாடத்தை இன்று நாம் முட்டையை உடையாமலேயே கற்கலாம்.

முதலாவது, முட்டையைத் தேர்ந்தெடுத்தல். நாமக்கல் முதலிய இடங்களிலுள்ள பெரும் பண்ணைகளிலிருந்து கடைகளுக்கு வரும் முட்டைகள், சேவலின்றி வளர்க்கப்படும் கோழிகள் இட்டவை. அவற்றை எத்தனை நாள் அடை வைத்தாலும் பயனில்லை. சேவலும் பெட்டையும் கூடி மேயும் வீட்டிலிருந்தே முட்டை பெறவேண்டும். இட்டு ஏழு நாட்களுக்கு மேற்படாத, விரிசலற்ற, நடுத்தர அளவுள்ள முட்டைகளே நல்லவை. அவற்றைக் குளிர்ந்த நிழலில், கூர்முனை கீழிருக்குமாறு அடுக்கி வைக்க வேண்டும். அழுக்கு நீங்கட்டும் என்று கழுவிவிடாதீர்கள். ஓட்டின் ஆயிரக்கணக்கான நுண்துளைகளை மூடி நோய்க்கிருமிகளைத் தடுக்கும் மெல்லிய பூச்சு, கழுவினால் அழிந்துவிடும்.

இரண்டாவது, வெப்பம். கைதேர்ந்த ஆசான் அடைக்கோழியே. முட்டையிடுவதை நிறுத்தி, கூட்டைவிட்டு எழாமல், அணுகுவோரைக் கண்டு சிறகைச் சிலிர்த்துச் சீறும் கோழி அடைக்கு ஆயத்தமாகிவிட்டது. மூங்கில் கூடையில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோல் இட்டு, அந்திப்பொழுதில் 10 அல்லது 12 முட்டைகளை வைத்துக் கோழியை அமர்த்துவது வழக்கம். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகும் என்றஞ்சிக் கரித்துண்டும் இரும்புத்துண்டும் கூடையில் இடுவாரும் உளர். உண்மையில், கரு கூடாமையும், நாள்பட்ட முட்டையும், வெப்பக் கேடுமே பெரும்பாலும் கூமுட்டைக்குக் காரணங்களாகும்.

அடைக்கோழி இல்லாதவர் மின்சாரத்தால் இயங்கும் இன்குபேட்டரைப் பயன்படுத்தலாம். உள்ளே விசிறி சுழலும் பொறியில் வெப்பம் 37.5 பாகை செல்சியசாக நிற்க வேண்டும். சிறிது நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கிக்கொள்ளும். மிகுதியான சூட்டைத் தாங்காது. அடைக்கோழியும் நாள்தோறும் இரைதேடச் சிறிது நேரம் எழுந்து செல்கிறதன்றோ? ஆகவே, மின்சாரம் சற்றே தடைப்பட்டால் கலங்க வேண்டுவதில்லை. பொறியைத் திறவாமல் போர்வையால் போர்த்தி வைத்தால் போதும். மின்சாரம் வந்ததும் போர்வையை நீக்கிவிட வேண்டும்.

மூன்றாவது, முட்டையைத் திருப்புதல். ஒரே நிலையில் கிடந்தால் கரு மேலெழுந்து ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். கோழி தன் அலகால் முட்டைகளை உருட்டுவதன் பயன் இதுவே. பொறியில் வைத்தோர் நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை கையைக் கழுவிக்கொண்டு திருப்பவேண்டும். பதினெட்டாம் நாளோடு இதனை நிறுத்திவிட வேண்டும்.

ஏழாம் நாள் இரவில் ஒரு முட்டையைக் கைவிளக்கின் முன்போ கைப்பேசியின் விளக்கொளியின் முன்போ பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளியும், அதனைச் சூழச் சிலந்தியின் கால்கள் போன்ற செந்நரம்புகளும் தெரிந்தால் கரு வளர்கிறது. உள்ளே வெறுமையாகத் தெரிவதை நீக்கிவிடலாம். பள்ளித் தராசு இருப்பின் முட்டையை நிறுத்தும் பாருங்கள். 50 கிராம் முட்டை பதினெட்டாம் நாளுக்குள் ஏறத்தாழ 6 கிராம் குறையும். நுண்துளைகளின் வழியே நீர் ஆவியாகிச் செல்வதே காரணம்.

இனி, இறுதி மூன்று நாட்கள். தொடங்குவோர் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். குஞ்சு முதலில் முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறைக்குள் அலகை நுழைத்து மூச்சுவிடத் தொடங்கும். பின்னர், அலகின் நுனியிலுள்ள சிறு கூர்முனையால் ஓட்டில் துளையிடும். அதன்பின் பல மணி நேரம் வாளாவிருக்கும். வெளிவர 12 மணி முதல் 24 மணி வரையும் ஆகலாம். 'ஐயோ, களைத்துவிட்டதே' என்று இரங்கி ஓட்டை உரிப்போர் உண்டு. அந்த ஓய்வு வீணன்று. சவ்விலுள்ள குருதி குஞ்சின் உடலுக்குள் திரும்புவதும், எஞ்சிய மஞ்சட்கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுவதும் அப்போதுதான் நிறைவுறுகின்றன. முன்னதாக உரித்தால் குருதி பெருகிக் குஞ்சு இறக்கவும் நேரும். பொறியை அடிக்கடி திறந்தாலோ ஈரம் வெளியேறிச் சவ்வு உலர்ந்து, குஞ்சு அதில் சிக்கிக்கொள்ளும். அன்பும் காலமறியாது செயற்பட்டால் தீங்காகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

வெளிவந்த குஞ்சு உலரட்டும். வயிற்றிலுள்ள மஞ்சட்கரு அதற்கு இரண்டு நாள் உணவு. ஆதலின் தீனிக்கு அவசரமில்லை. தாயில்லாக் குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 பாகை அளவில் விளக்கின் வெப்பம் தேவை. நெருங்கிக் குவிந்தால் குளிர் என்றும், விலகி ஓடி வாய் பிளந்தால் சூடு என்றும் அவையே நமக்கு உணர்த்தும்.

ஒன்று மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். பொரிப்பவற்றில் ஏறத்தாழப் பாதி சேவல்களாகவே இருக்கும். அவற்றையும் வளர்க்க இடமுண்டா, பொறுப்பேற்பார் யார் என்பதை அடை வைக்கும் முன்னரே வீட்டாரோடு கலந்து முடிவு செய்யுங்கள். விளையாட்டாக ஓர் உயிரை எழுப்பிப் பின் கைவிடுதல் கல்வியாகாது. உற்று நோக்கும் கண்ணும், வேண்டாதபோது விலகி நிற்கும் கையும் அறிவியல் மாணவனுக்கு ஒருங்கே தேவை. இவ்விரண்டையும் ஒரு கூடை முட்டையிடம் நீங்கள் கற்றுக்கொள்ளலாம்.