கலைக்களஞ்சியத்தில் எது நிற்கும்?

(தாசேக் கெலுகோரில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில், நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரை)



ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுத வேண்டும். அதில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது? இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் ஓர் ஐயா முணுமுணுப்பது கேட்கிறது. சம்பந்தம் இருக்கிறது ஐயா, கொஞ்சம் பொறுங்கள்.

நம் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்கலாம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருப்பது தீவிலுள்ள கெலுகோரில். நாம் இருப்பது பெருநிலத்தில், தாசேக் கெலுகோரில். வெளியூர்க்காரர் குழம்பிப் போகலாம். அந்தப் பல்கலைக்கழகம் 1969-இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கியது. பின்னர் ஆங்கிலேய இராணுவம் தங்கியிருந்த மிண்டன் முகாமுக்குக் குடியேறியது. எங்கே இருக்கிறது, எப்போது தொடங்கியது, முதலில் என்ன பெயர் என்பவை கட்டுரையில் கட்டாயம் இருக்க வேண்டும். இதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு அதற்குப் பிறகுதான்.

பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. தாளுக்கும் அச்சுக்கும் காசு வேண்டும். ஆகவே ஒவ்வொரு வரியும் தன் இடத்தைச் சம்பாதித்தாக வேண்டும். இன்று மாணவர்கள் புரட்டுவது விக்கிப்பீடியா. அதன் தமிழ்ப் பதிப்பு 2003-இல் தொடங்கியது. அங்கே தாள் செலவு கிடையாது. அதனால் உணவகம், நீச்சல் குளம், துணைவேந்தரின் வாழ்த்து, "தலைசிறந்த", "முன்னணி" என்ற அடைமொழிகள் எல்லாம் உள்ளே புகப் பார்க்கின்றன. மாணவர் சேர்க்கைக்கு அச்சடிக்கும் கையேட்டுக்கு அவை பொருந்தும். கலைக்களஞ்சியத்துக்குப் பொருந்தாது.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இரண்டு கேள்விகள்தாம். அந்தப் பல்கலைக்கழகத்தோடு எந்த உறவும் இல்லாத ஒருவர் இதைத் தெரிந்துகொள்ள விரும்புவாரா? பல்கலைக்கழகத்தைத் தவிர வேறு யாராவது இதை எழுதி அச்சிட்டிருக்கிறார்களா? தொடங்கிய ஆண்டையும் புலங்களின் எண்ணிக்கையையும் பல்கலைக்கழகத்தின் வாயால் கேட்டுக்கொள்ளலாம். பெருமையை மட்டும் அடுத்தவர் வாயால்தான் கேட்க வேண்டும்.

அடுத்தவர் சொன்னாலும் அப்படியே எழுதிவிட முடியாது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கதையைப் பாருங்கள். 2004-இல் இலண்டன் டைம்ஸ் உயர்கல்வி இதழ் வெளியிட்ட உலகப் பட்டியலில் அதற்கு 89-ஆவது இடம். நாடே பெருமைப்பட்டது. மறு ஆண்டு பார்த்தால் 169! ஒரே ஆண்டில் அங்கே படிப்பு கெட்டுப்போனதா? இல்லை. முதல் ஆண்டுக் கணக்கில், இந்த மண்ணிலேயே பிறந்த சீன, இந்திய மாணவர்களை வெளிநாட்டு மாணவர் என்று சேர்த்துவிட்டார்கள். வெளிநாட்டு மாணவர் அதிகம் என்றால் மதிப்பெண்ணும் அதிகம். மறு ஆண்டு அந்தப் பிழையைத் திருத்தியதும் இடம் இறங்கியது. நம் பிள்ளைகள் ஒரு புள்ளிவிவரத்தில் அந்நியராகிவிட்டார்கள், பாருங்கள். இதைப் பல்கலைக்கழகத்தைத் தாழ்த்துவதற்காகச் சொல்லவில்லை. 2025-ஆம் ஆண்டுக்கான கியூஎஸ் பட்டியலில் அது 60-ஆவது இடத்தில் நின்றது. ஆனால் 89 என்று எழுதுகிறவர் 169-ஐயும் அதன் காரணத்தையும் சேர்த்து எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் எண் சரியாக இருக்கும், செய்தி பொய்யாக இருக்கும்.

இப்போது அந்த ஐயா கேட்ட சம்பந்தத்துக்கு வருகிறேன்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் பிறந்தது. அங்கேதான் 1956-இல் இந்திய ஆய்வியல் துறை ஏற்பட்டது. அதில் எந்த மொழிக்கு முதலிடம், சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்று பெரிய விவாதமே நடந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக எழுதினார், பேசினார். அதோடு நிற்காமல் துறைக்குத் தமிழ் நூலகம் அமைக்க "தமிழ் எங்கள் உயிர்" என்று ஒரு நிதியும் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி தாருங்கள் என்பதுதான் வேண்டுகோள். கூலிக்கு உழைத்தவர்களும் கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலை மிதித்திராதவர்கள் கொடுத்த வெள்ளி அது. பின்னர் துறை கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயக அடிகள் தலைமை ஏற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

மலாயாப் பல்கலைக்கழகம் பற்றிய கட்டுரையில் இதற்கு இடம் உண்டா? உண்டு என்பதுதான் என் வழக்கு. கூடைப்பந்துக் குழு வென்ற கிண்ணத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கிவிட்டு, ஒரு சமூகமே காசு போட்டு நூலகம் அமைத்ததை விட்டால் அது எப்படி வரலாறாகும்? அதே நேரத்தில் நம் ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உணர்ச்சிவசப்பட்டு இரண்டு பக்கம் புகழ்மாலை எழுதினால், அதை நீக்குகிறவர் செய்வதும் நியாயம்தான். எந்த ஆண்டு, யார் கேட்டார், எதற்காக, என்ன நடந்தது என்று நான்கு வரி போதும். ஆனால் அந்த நான்கு வரிக்கும் சான்று வேண்டும்.

அங்கேதான் நமக்கு இடிக்கிறது. "எங்கள் தாத்தா ஒரு வெள்ளி கொடுத்தார்" என்றால் மனம் நெகிழ்கிறது. கலைக்களஞ்சியம் அதை ஏற்காது. நாளிதழ் நறுக்கை ஏற்கும். தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் ஏற்றி வைத்திருக்கிறது. இங்கே 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. அதன் பழைய தாள்கள் சில இன்னும் நம் வீட்டு அலமாரிகளில், பழைய பெட்டிகளில் கிடக்கலாம். "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு லோரி வரும்போது கட்டோடு தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அம்மா. ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பல்கலைக்கழகம், தமிழ்ப் பள்ளி, நிதி என்று ஏதாவது கண்ணில் பட்டால் எடுத்து வையுங்கள். கத்தரிக்கும்போது பத்திரிகையின் பெயரும் தேதியும் உள்ள மேல் ஓரத்தை வெட்டி எறிந்துவிடாதீர்கள். தேதியில்லாத நறுக்கை யாரும் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.