பங்கில் எங்கள் பங்கு எங்கே?

(துவாக்குடியில் முதியோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதியோருக்குத் திருச்சபை என்ன செய்யணும் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இதைக் கேட்டதும் பலருக்கு முதியோர் இல்லம்தான் ஞாபகம் வரும். படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு இல்லம் வேணும். அங்கே மலசலம் அள்ளிப் பார்த்துக்கொள்கிற கன்னியர்களின் உழைப்பையும் நான் குறைச்சுச் சொல்லல. ஆனா முன்னால உட்கார்ந்திருக்கிற நீங்க யாரும் படுக்கையில கிடக்கலையே! ஆடு மேய்க்கிறீங்க, வீட்டு வேலைக்குப் போறீங்க, பேரப்பிள்ளைகளை வளர்க்கிறீங்க. நடமாடுகிற முதியவருக்குத் திருச்சபையில் என்ன இடம்? இதுதான் என் கேள்வி.

1965இல் திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை வந்தது. அதைச் சார்ந்து துவாக்குடியில் தொழிற்பேட்டையும் பட்டறைகளும் வந்தன. அங்கே மண் சுமந்தவர்கள், இரும்புத் தகடு தூக்கியவர்கள் எத்தனையோ பேர் ஒப்பந்தக் கூலிகள். நிரந்தரத் தொழிலாளிக்கு ஓய்வுக்கால வசதி உண்டு. கூலிக்கு என்ன உண்டு? மாநில முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாய் ஆனது. அப்போதும் 60 முதல் 79 வயது வரை ஒன்றிய அரசு தந்தது 200 ரூபாய்தான். அதை வாங்கவும் தாலுகா ஆபீசுக்கு எத்தனை நடை! தலித் கிறித்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை நம்மைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. அதனால் பூசையில ஒரு பேரு, ரேஷன் அட்டையில ஒரு பேரு என்று வாழ்ந்து முடித்தவர்கள் நம்மில் உண்டு.

எங்க பெரியம்மா கதையைச் சொல்றேன். எங்க ஊர்க் கோயிலை நாற்பது வருசம் கூட்டிப் பெருக்கினவங்க. திருவிழாச் சமையலுக்கு அவங்கதான் அடுப்பு மூட்டணும். அறுபத்தெட்டு வயசுல, “பங்குப் பேரவையில என்னையும் சேர்த்துக்கங்க” என்று கேட்டாங்க. கிறிஸ்துமசுக்கு ஒரு சேலை குடுத்தாங்க; நாற்காலி குடுக்கல. “சேலைக்கா கேட்டேன்?” என்று சாகிறவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

எழுத்தில் குறையில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. தீண்டாமை கடும் சமூகப் பாவம் என்றது. நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும் ஒப்புக்கொண்டது. 2021இல் போப் பிரான்சிஸ் ஜூலை நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளாக அறிவித்தார். அன்னைக்கு மாலை போடுவாங்க, சாப்பாடு போடுவாங்க. மறுநாள்? செத்த பிறகும் சாதி விடுவதில்லை என்பதற்கு மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவரே இந்தத் திருச்சியில் சாட்சி. செத்தவனையே பிரிக்கிற இடத்தில், உயிரோடிருக்கிற கிழவி தானாகவா சமமாக உட்கார முடியும்?

தருமம் கேட்க நாம் வரவில்லை. செய்ய முடிந்ததைத்தான் கேட்கிறோம்.

ஒன்று, வாரத்தில் ஐந்து நாள் பூட்டியே கிடக்கிற பங்கு மண்டபங்களின் சாவியை முதியோரிடம் கொடுக்கட்டும். நாங்களே கூடுவோம், நாங்களே கூட்டுவோம்.

இரண்டு, அங்கே ஒரு மனு மேசை போடட்டும். மிசன் பள்ளிக்கூடத்தில் படித்த பெரியவர்கள் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுப்பார்கள். மாணவத் தோழர்கள் தாலுகா ஆபீசுக்குக் கூடப் போகட்டும்.

மூன்று, கோயிலைக் கூட்டுவதும் குழி தோண்டுவதும் ஊழியம் என்றால் எல்லாச் சாதியும் முறை வைத்துச் செய்யட்டும். வேலை என்றால் கூலி கொடுக்கட்டும்.

நான்கு, பங்குப் பேரவையில் தலித் முதியோருக்கு இடம் வேண்டும். அதில் பாதி பெண்களுக்கு.

பங்கு என்ற சொல்லுக்குத் திருச்சபை ஒரு பொருள் வைத்திருக்கிறது. நம் வீட்டில் பங்கு என்றால் பாகம். அண்ணன் தம்பி பிரிக்கும்போது மூத்தவனை வெளியே நிறுத்துவதில்லை. வர்ற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போயிடாதீங்க. நாலு பேராச் சேர்ந்து நின்று இந்த நாலையும் கேளுங்க. சேலையை நீட்டினால், நாற்காலி எங்கே என்று கேளுங்க.