வாசல் வரை வந்த இணையம் உள்ளறை வரை வரட்டும்

(பள்ளிப்பட்டில் நமது அறக்கட்டளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவி பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். இங்கே செயலாளர் ஒயரையும் ரவுட்டரையும் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வுக்கு ஒரு காலத்தில் பிள்ளையை அழைத்துக்கொண்டு சென்னைக்கு நேரில் போனோம். 2018 முதல் அது இணையவழியில் நடக்கிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்ற விருப்பப் பட்டியலைக் குறித்த நாட்களுக்குள் நாமே பதிய வேண்டும். கல்வி உதவித்தொகை விண்ணப்பம், நுழைவுத் தேர்வு விண்ணப்பம், தேர்வு முடிவு எல்லாமே இன்று திரையில்தான். அந்த நேரத்தில் சுற்றிக்கொண்டே நிற்கும் திரை, பிள்ளையின் ஒரு வருடத்தையே கேள்விக்குறியாக்கிவிடும்.

இந்திய மக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் மூலம் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் வேலையைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் ஏற்றிருக்கிறது. பி.எஸ்.என்.எல்., ஜியோ, ஏர்டெல் என்று தனித்தனியாகவும், உள்ளூர் கேபிள்காரர் மூலமாகவும் ஃபைபர் இணைப்புகள் வீடுகளுக்கு வருகின்றன. ஆக, வாசல் வரை இணையம் வருவது முன்போல் பெரிய சிரமமில்லை. வாசலிலிருந்து பிள்ளை படிக்கும் இடத்துக்கு வருவதில்தான் சிக்கல். அந்த வேலையை நிறுவனங்கள் பெரும்பாலும் தாமாகச் செய்து தருவதில்லை. நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

கூடத்தில் இருக்கும் பெட்டி

இணைப்புக் கொடுக்க வருகிற தம்பி, ஒயர் நுழைகிற முதல் இடத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போவார். அது பெரும்பாலும் முன்கூடம். நம் பகுதி வீடுகளோ குறுகலாகவும் நீளமாகவும் கட்டப்பட்டவை. முன்னே கூடம், அடுத்து ஓர் அறை, அதற்கப்பால் அடுப்படி, கொல்லை. மேலே ஒரு மாடி அறை. கும்மிடிப்பூண்டி, காக்களூர் பக்கம் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து வரும் அத்தா பகலில் கூடத்தில்தான் படுத்துத் தூங்குகிறார். பிள்ளைகள் பின்னறையில் படிக்கிறார்கள். பெட்டி ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம்.

வைஃபை என்பது வானொலி அலைதான். செங்கல் சுவரைத் தாண்டும்போது அது வலுவிழக்கும். கம்பி கட்டிய காங்கிரீட் தளத்தைத் தாண்டும்போது இன்னும் அதிகமாக இழக்கும். இரும்பு பீரோவோ தகரக் கூரையோ குறுக்கே இருந்தால் அலை திரும்பிவிடும்.

பெட்டியிலிருந்து இரண்டு வகை அலைகள் வருகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் வேகம் குறைவு. பக்கத்து வீட்டுப் பெட்டிகளும் அதே அலையில் பேசுவதால் நெரிசலும் உண்டு. அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. 5 கிகாஹெர்ட்ஸ் அலை நல்ல வேகம் தரும். ஆனால் இரண்டு சுவர் தாண்டுவதற்குள் களைத்துவிடும். பெட்டிக்கு அருகில் 5, தூரத்தில் 2.4 என்று நினைவில் வையுங்கள்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

"பாய், 100 எம்.பி.பி.எஸ். பிளான் போட்டிருக்கேன், மாடியில ஒண்ணுமே வரல. 200 போடட்டுமா?" என்று கேட்கிறார்கள். காசைக் கொட்டுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று போனில் வேகத்தைப் பாருங்கள். பிறகு அதே போனோடு பின்னறைக்குப் போய்ப் பாருங்கள். பெட்டிக்குப் பக்கத்திலேயே வேகம் குறைவாக இருந்தால், முடிந்தால் ஒரு மடிக்கணினியை ஒயரில் பெட்டியோடு இணைத்து உறுதி செய்துகொண்டு, இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கண்ணாடி இழை எங்கோ அறுந்திருக்கலாம், அல்லது மடங்கியிருக்கலாம். அதையும் அவரிடம்தான் சொல்ல வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் வேகம் நன்றாக இருந்து, அறையில் மட்டும் குறைந்தால் குறை வீட்டுக்குள்ளே இருக்கிறது. 100-ஐ 200 ஆக்கினாலும் அந்த அறைக்கு ஒன்றும் வராது.

உண்மையில் ஒரு பிள்ளையின் காணொளி வகுப்புக்கு 3 அல்லது 4 எம்.பி.பி.எஸ். தடையில்லாமல் கிடைத்தால் போதும். மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் படித்தாலும் சிறிய பிளானே தாங்கும். மாதா மாதம் வீணாகக் கட்டுவதும் விரயம்தான்.

வளைகுடாவில் இருப்பவர்களின் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ஐக்கிய அரபு அமீரகத்தில் இருப்பவரோடு வாட்ஸ்அப் அழைப்பு பேச முடியவில்லை என்றால் ரவுட்டரைத் திட்ட வேண்டாம். அந்த நாட்டில் அந்த அழைப்பு நெடுங்காலமாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. போடிம் போன்ற செயலியில்தான் அங்குள்ளவர்கள் பேசுகிறார்கள்.

ஒரு ஒயர் செய்கிற வேலை

குறை வீட்டுக்குள்தான் என்று தெரிந்தால் முதலில் காசில்லாத வழி: பெட்டியை பீரோவுக்குப் பின்னாலிருந்தும் டி.வி. ஸ்டாண்டுக்கு அடியிலிருந்தும் எடுத்து, வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில் மாட்டுங்கள். கண்ணாடி இழையை மட்டும் நீங்களே இழுத்து மடக்காதீர்கள். இணைப்புக்காரரை வைத்து மாற்றுங்கள்.

அதற்கும் சரிவராவிட்டால் கடைக்காரர் ரிப்பீட்டர் கொடுப்பார். மின் சாக்கெட்டில் செருகுவதோடு வேலை முடிந்துவிடும் என்பதால் பலரும் அதையே வாங்குகிறார்கள். ஆனால் சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலையில் கேட்டு, அதே அலையில் திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதையும் சிக்னல் இல்லாத பின்னறையிலேயே மாட்டினால், கேட்பதற்கே அதற்கு ஒன்றும் இருக்காது.

நான் சொல்கிற வழி பழைய வழி: கூடத்துப் பெட்டியிலிருந்து பின்னறைக்கோ மாடிக்கோ ஒரு நெட்வொர்க் ஒயர் இழுங்கள். கேட் 6 என்று கேட்டு வாங்குங்கள். அந்த ஒயர் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுபோகும். நம் வீட்டுக்கு 20 மீட்டர் தாராளம். அதற்கு ஆகும் செலவு ஒரு புது ரவுட்டரின் விலையைவிடக் குறைவு. வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு ஒயரும் சந்தையில் கிடைக்கிறது. அது எளிதில் முறியும், தூரமும் தாங்காது. உள்ளே எட்டுக் கம்பிகள் இருக்கும். எட்டும் சரியாகப் பொருந்தினால்தான் ஆயிரம் எம்.பி.பி.எஸ். வரை போகும். ஏதாவது ஒன்று விட்டுப்போனால் அந்த வேகம் வராது. ஆகவே முனையில் ஜாக் அடித்ததும் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கரண்ட் ஒயர் போகிற பைப்பில் இதை நுழைக்கக் கூடாது. தனிப் பைப் வேண்டும். கொல்லைப்புறமாகவோ மாடிக்கு வெளிப்புறமாகவோ போனால் வெயில் தாங்கும் வெளிப்புற ஒயரும், எலி கடிக்காதபடி பைப்பும் தேவை. அண்ணன் வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்கு மொட்டைமாடி வழியாகச் செம்பு ஒயரைத் தொங்கவிடாதீர்கள். மழைக்காலத்தில் இடி மின்னலின் தாக்கம் அந்த ஒயர் வழியாக இரண்டு வீட்டுச் சாமான்களையும் கெடுத்துவிடும்.

ஒயரின் மறுமுனையில் என்ன வைப்பது? வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரே போதும். அதில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. வேலையை அதில் நிறுத்திவிட்டு, முதல் பெட்டியின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 என்று கொடுத்து, ஒயரை அதன் லேன் துளையில் செருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால், கூடத்திலிருந்து மாடிக்குப் போகும்போது போன் பெரும்பாலும் தானாக மாறிக்கொள்ளும். கணினிப் படிப்புப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது அரை மணி நேர வேலை.

டி.வி., கணினி, கேமரா பெட்டி போன்ற இடம் மாறாத சாமான்களுக்கு ஒயரே கொடுங்கள். போனுக்கும் மடிக்கணினிக்கும் வைஃபையை விடுங்கள். டி.வி. ஒயருக்கு மாறினாலே பிள்ளைகளின் போனுக்குக் காற்றில் இடம் கிடைக்கும்.

புது வீடு கட்டுவோருக்கு ஒரு வேண்டுகோள். சுவரில் காடி வெட்டிக் கரண்டுக்குப் பைப் பதிக்கும்போதே, கூடத்திலிருந்து ஒவ்வோர் அறைக்கும் மாடிக்கும் ஒரு காலிப் பைப் தனியாகப் பதித்துவிடுங்கள். உள்ளே ஒரு நூல் கயிறு கிடந்தால் பின்னாளில் ஒயரை இழுத்துக்கொள்ளலாம். பூச்சு வேலை முடிந்த பிறகு சுவரை உடைப்பது பெரிய செலவு.

மின்தடைக்கும் வழி இருக்கிறது. நம் வீட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து அதற்கேற்ற மினி யு.பி.எஸ். வாங்கினால், கரண்ட் போனாலும் தேர்வு நடுவில் நிற்காது. இரண்டாவது பெட்டிக்கும் அதைச் செய்ய மறக்காதீர்கள்.

சிக்னலைக் காவலுக்கு வைக்க வேண்டாம்

இப்போது மனம் விட்டு ஒன்று பேச வேண்டும். சில வீடுகளில் பெட்டி கூடத்தில் இருப்பது தற்செயலாக நடந்ததில்லை. "பொம்பளைப் பிள்ளை உள்ளே உக்காந்து என்ன பாக்குதுன்னு தெரியாது, இங்கே வந்து பாக்கட்டும்" என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். அவர்களின் கவலையை நான் குறைத்து மதிக்கவில்லை. அந்தக் காலத்து ஆபத்துக்கு வாசலைப் பூட்டினால் போதும். இன்றைய ஆபத்து கைக்குள் வருகிறது.

ஆனால் நடப்பதைப் பாருங்கள். வீட்டில் சிக்னல் இல்லையென்றால் மகன் போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுகிறான். அங்கே அவன் என்ன பார்க்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. மகள் அப்படிப் போக முடியாது. கூடத்தில் விருந்தாளி இருந்தால் அங்கும் உட்கார முடியாது. ஆகவே பலவீனமான சிக்னலின் சுமை முழுவதும் வீட்டுக்குள் இருக்கும் பெண்பிள்ளையின் தலையில் விழுகிறது. அவள் கெட்டதைப் பார்ப்பதை அது தடுத்ததோ இல்லையோ, படிப்பைத் தடுத்துவிட்டது.

கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி விடுதி ஒன்றில், குறிப்பிட்ட நேரத்தில் மாணவிகள் கைபேசி பயன்படுத்தக் கூடாது என்று விதி இருந்தது. அதை ஏற்க மறுத்த மாணவி விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். ஃபஹீமா ஷிரின் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இணையத்தை அணுகும் உரிமை, கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது. அவரை மீண்டும் விடுதியில் சேர்க்கவும் உத்தரவிட்டது. சட்டம் விடுதிக்குச் சொன்னதை, பெற்றோராகிய நாம் அன்பினால் நம் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளலாமே!

கண்காணிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சரியான வழிகள் உள்ளன. பெரும்பாலான ரவுட்டர்களில் இரவு இத்தனை மணிக்கு மேல் இந்தப் போனுக்கு இணையம் இல்லை என்று நேரம் குறிக்கலாம். அந்த நேரம் மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாக இருக்கட்டும். பெற்றோரும் அதற்குக் கட்டுப்படட்டும். அதைவிட முக்கியம், தவறான அழைப்போ மிரட்டலோ வந்தால் பிள்ளை பயப்படாமல் முதலில் உம்மாவிடம் வந்து சொல்லும் நிலை வீட்டில் இருக்க வேண்டும். பணம் ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். விருந்தாளிகளுக்குக் கெஸ்ட் என்ற தனிப் பெயரில் கொடுங்கள். உங்கள் இணைப்பில் யாரோ ஒருவர் தவறு செய்தாலும், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் முதல் விசாரணை வரும். அதேபோல் பக்கத்து வீட்டார் வைஃபையை அவர்களுக்குத் தெரியாமல் பயன்படுத்துவது, அவர்கள் வீட்டுப் பொருளைக் கேட்காமல் எடுப்பதற்குச் சமம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இறுதியாக ஒரு செய்தி. ஜாக் அடிக்கும் கருவியும் டெஸ்டரும் அறக்கட்டளை அலுவலகத்தில் இருக்கின்றன. தேவைப்படுவோர் பதிவேட்டில் எழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம். தந்தை வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வீடுகளுக்கும், விதவைத் தாய்மார்களின் வீடுகளுக்கும் நம் இளைஞர்கள் வந்து ஒயர் இழுத்துத் தருவார்கள். கூலி கிடையாது, ஒயர் விலை மட்டும். உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டர்களைக் கொண்டுவந்து கொடுங்கள். சோதித்து, தேவையுள்ள மாணவர் வீட்டில் மாட்டுவோம்.

இன்று வீட்டுக்குப் போனதும் போனை எடுத்துக்கொண்டு, உங்கள் பிள்ளை உட்கார்ந்து படிக்கும் இடத்துக்குப் போய் நில்லுங்கள். அங்கே எத்தனை கோடு காட்டுகிறது என்று பாருங்கள். மீதி வேலையை இன்ஷா அல்லாஹ் சேர்ந்து செய்வோம்.

நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.